சாந்தி மேரியின் கட்டைவிரல்

வரதராசன்பேட்டை சாந்தி மேரிக்குப் பதினோரு வருடமாக ஒரே வேலை, முந்திரிக்கொட்டை உடைப்பது. தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் சும்மா விடாது. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் தோலைத் தின்றுவிடும். முதலில் எரிந்தது, அப்புறம் எரியவில்லை. கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணியில்லாமல் இறக்குவாள். அதைச் சாமர்த்தியம் என்று தெருவில் புகழ்ந்தார்கள். புகழ்கிறவர்களுக்கென்ன, வெந்தது அவர்கள் கையா?

ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்க ஆள் கேட்டார்கள். மாதச் சம்பளம், ஞாயிறு லீவு, பூசைக்கும் போகலாம். மேரி போனாள். மேற்பார்வையாளர் கண்ணையனுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"இந்த மிஷின்ல விரலை வைம்மா. தெனம் இதுலதான் அட்டெண்டன்ஸ்."

வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து விரலையும் வைத்தாள், பத்துக்கும் சிவப்புதான். கண்ணையன் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். ரேகையே இல்லை, வழவழவென்று இருந்தது.

"இது ஏத்துக்காட்டி நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கை சரியானதும் வா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இங்கே பூசாரி சுவரில் மாட்டிய ஒரு டப்பா.

ஒரு மாதம் மேரி கொட்டை உடைக்கப் போகவில்லை. கணவன் மரிய ஆல்பர்ட்தான் பாத்திரம் விளக்கினான், துணி துவைத்தான். கூட வேலை பார்க்கும் பச்சையம்மாள் வாசலில் நின்று, "மகாராணி கை எப்புடி இருக்கு?" என்று கேலி பேசுவாள்.

"வளருதுக்கா" என்று மேரி விரலை நீட்டிக் காட்டுவாள்.

தேங்காயெண்ணெய் தடவத் தடவ, உரிந்த தோலுக்கு அடியில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. ஆல்பர்ட் அவள் கட்டைவிரலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"வந்துடுச்சு மேரி. நாளைக்கே கெளம்பு."

மறுநாள் கண்ணையன் அவளைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "போன வாரமே ஆள் போட்டாச்சேம்மா. எத்தன நாளைக்குத்தான் காலியா வச்சிருக்க முடியும்?"

மேரிக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. உள்ளே ஒன்றுமே அசையவில்லை.

"ஒரு தடவ வெரலை வச்சு மட்டும் பாத்துக்கட்டுங்களா சார்?"

அவர் ஏதோ பொத்தான்களை அழுத்தினார். மேரி கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"அட, எடுத்துக்கிச்சு பாரு!" கண்ணையனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். பிறகு, "சரிம்மா, அழிச்சுடுறேன்" என்று இன்னொரு பொத்தானை அழுத்தினார்.

அடுத்த நாள் காலை பழைய கொட்டகையில், முதல் கொட்டையிலேயே எண்ணெய் தெறித்தது. புதுத் தோல் ஆயிற்றே, உயிர் போகிற எரிச்சல். மேரி கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பச்சையம்மாள் இன்றைக்குக் கேலி பேசவில்லை. சாம்பல் தட்டை நகர்த்தி வைத்து, "கொஞ்ச நாள் பொறுத்துக்க. மரத்துப் போயிடும்" என்றாள்.

மூன்றாவது வாரம் மேரி சோற்றுப் பானையைத் துணியில்லாமல் இறக்கினாள்.