வதிவிடக் கடிதத்தில் விடுபட்ட திகதி

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். ஏதோ ஒரு சோளக்காட்டு மாநிலத்தில், தோற்பார் என்று எல்லோரும் எழுதிவைத்தவர் முன்னணியில் இருந்தார். இங்கே போர்க்காலம். கண்டியில் எங்கள் அரசாங்க அலுவலகமே காலையில் வானொலியைச் சுற்றி நின்றது.

வத்தேகமத் தோட்டத்துப் பெண் ஒருவர் கணவர் இன்ன இடத்தில் வசிப்பவர் என்று கிராம சேவகர் எழுதிக்கொடுத்த வதிவிடக் கடிதத்தை மேலொப்பத்துக்காக என்னிடம் நீட்டினார்.

“வீட்டுக்காரர செக்பொயின்ட்ல புடிச்சிட்டாங்கய்யா. நீங்க கையெழுத்துப் போட்டா விட்டுருவாங்களாம்.”

“திகதி போடேல்லை. போடுவிச்சுக்கொண்டு நாளைக்கு வாங்கோ.”

திகதியை நானே எழுதி ஒப்பமிடலாம். அதற்கு இடமளிக்கும் சுற்றறிக்கை எனக்கு மனப்பாடம். ஆனால் வானொலியில் முடிவு சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

மறுநாள் திகதியோடு வந்தார். “எங்கயோ கொண்டு போயிட்டாங்களாம். எங்கன்னு சொல்ல மாட்றாங்கய்யா.”

ஒப்பமிட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

அந்த மாநிலத்தில் வென்றவர் யாரென்று இன்று நினைவில்லை. கடிதத்தின் திகதி நினைவிருக்கிறது.