மச்சான் சொன்ன குப்பை

சுனாமி தோணியைக் கொண்டுபோன பிறகு, அக்காவும் அவள் புருஷனான என் மச்சானும் வாகரையில் சீமெந்துத் தொட்டி கட்டி மீன்குஞ்சு வளர்த்தார்கள். அதை விட்டால் வேறு பிழைப்பில்லை. தண்ணீரில் அமோனியா ஏறி, குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அமோனியாவை உறிஞ்ச சியோலைட் என்றொரு தூள் உண்டு. கொழும்பிலிருந்து வரவேண்டும். சண்டைக்குள் என்ன வரும், மண்ணாங்கட்டி!

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். நானே செய்கிறேன் பார் என்று ரோசத்தோடு இறங்கினேன். ஏறாவூர் அரிசி ஆலைக்காரர் உமிச் சாம்பலைச் சும்மா தந்தார். "கொண்டு போங்க சேர், கொட்டுற வேல மிச்சம்." கடலோடு கலக்கும் வாவித் தண்ணீர் ஊற்றி அணைத்த சாம்பல், ஒரே உப்பு. முதலில் வந்த தூள் ஒன்றுக்கும் உதவவில்லை. பிறகு சாம்பலை நல்ல தண்ணீரில் குனிந்து கழுவிக் கழுவி நாரி முறிந்தது. அதைக் கோஸ்டிக் சோடாவில் காய்ச்சி வடித்து, சுனாமி நசுக்கிய அலுமினியச் சட்டிகளையும் வெட்டிக் கரைத்துச் சேர்த்தேன். "இந்த நெடியில வீட்டுக்குள்ள மனிசர் இருக்கேலாது" என்று மனைவி கத்தினாள். கடைசியில் வெள்ளைத் தூள் அடியில் படிந்தது. தொட்டித் தண்ணீர் நிரப்பிய போத்தலில் போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது.

ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு மச்சானோடு வாகரைக்குப் புறப்பட்டேன். அந்த நாட்களில் சோதனைச்சாவடியில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். பையில் எது இருந்தாலும் பெறுமதியில்லாதது என்றுதான் சொல்வோம். நல்ல சாமான் என்றால் திரும்பி வராது.

"இது என்ன?" என்றான் ஆமிக்காரன்.

நான் வாயெடுக்குமுன் மச்சான் முந்திவிட்டார். "ஒண்டும் இல்ல ஐயா. குப்பை."

"குப்பையா? அப்ப கொட்டு."

"இல்ல, இது மருந்து..." என்றேன். வெள்ளைத் தூள், மருந்து என்றதும் வெடிமருந்தென்று நினைத்துத் துவக்கின் குழலை என் பக்கம் நிமிர்த்தினான். கொட்டினேன். காற்று அள்ளிக்கொண்டு போனது.

"உங்கட வாயில கொள்ளி வைக்க!" வழி நெடுகக் கத்தினேன்.

"பழக்கத்தில வந்திட்டு மச்சான்" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

மறுபடி செய்ய உமிச் சாம்பலும் இருந்தது, சட்டியும் இருந்தது. குஞ்சுகள்தான் பொறுக்கவில்லை. விடியக் காலையில் மச்சான் செத்த மீனை வாளி வாளியாக அள்ளிக்கொண்டு போனார்.

"என்னது அது?" என்று உள்ளிருந்து அக்கா கேட்டாள்.

மச்சானுக்கு அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.