தாய்மாமன் மடி

எழுபதுகள்ல நாங்க திருவள்ளூர்ல குடியிருந்தோம். எங்களுக்குப் புள்ள இல்ல. மீஞ்சூர் பக்கம் இருந்த ஒரு அனாதைக் குழந்தைங்க விடுதியில அம்மை பரவிடுச்சின்னு, தெரிஞ்ச குடும்பங்கள்ல ஆளுக்கு ஒரு குழந்தையா வுட்டாங்க. எங்க ஊட்டுக்கு வந்த பாப்பாவுக்கு ஏழு வயசு. கூட்டிக்கினு வந்த கன்னியாஸ்திரியம்மா கெளம்பறப்போ சொன்னாங்க: "ஆம்பளைங்க யாரும் இவளத் தூக்க வேணாம். மடியில வெச்சிக்க வேணாம். ஏன்னு கேக்காதீங்க. எங்களுக்கே சரியாத் தெரியல."

எனக்குக் கோவம் பொத்துக்கினு வந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு அரிசி மில்லுக்குப் போவாரு, வருவாரு, பேப்பர் படிப்பாரு. அந்த மனுஷனப் பாத்தா இப்பிடிச் சொல்றாங்க?

பாப்பா சித்திரை வெயில்லயும் சட்டை மேல சட்டை போட்டுக்கும். குளிக்கச் சொன்னா தாப்பாள் போட்டுக்கினு உள்ளயே குந்திக்கினு இருக்கும். என்ன அத்தன்னு கூப்புட்டுச்சு. அவர மாமான்னு கூப்புடுன்னேன், வாயே தொறக்கல. இன்னா திமிரு பாருன்னு திட்டினேன். இதெல்லாம் இன்னான்னு சொல்லித்தர எனக்கு யாரு இருந்தாங்க? மூணு மாசம் கழிச்சித்தான் என் முந்தானையப் புடிச்சிக்கினு கடைக்கு வர ஆரம்பிச்சுது. எனக்குத் தலகால் புரியல.

அந்த சந்தோசத்துலதான் புத்தி கெட்டுது. "இன்னாம்மா, பொம்பளப் புள்ளய மூளிக் காதோட வெச்சிக்கினு இருக்க?"ன்னு தெருவுல கேட்டாங்க. காது குத்தணும்னா தாய்மாமன் மடி வேணும். விடுதி குடுத்த சீட்டுல மாமன்காரன் விலாசம் இருந்துச்சு, கும்மிடிப்பூண்டிப் பக்கம். விடுதிக்கு வர்றதுக்கு முன்னால பாப்பா அந்த ஊட்லதான் இருந்துச்சாம். கார்டு போட்டேன். கன்னியாஸ்திரியம்மா சொன்னத நான் மறக்கல. ஆனா தாய்மாமன யாராவது ஆம்பளைங்க கணக்குல சேப்பாங்களா? நான் சேக்கல. சொந்த ரத்தத்தப் பாத்தா பூரிச்சுப் போவும்னு, பாப்பாகிட்ட சொல்லாமயே வெச்சிருந்தேன்.

வந்தாரு. வெள்ளை வேட்டி, தாம்பாளத்துல சீரு, எல்லாரையும் பாத்து ஒரு கும்புடு. மனையில குந்திக்கினு கைய நீட்டினாரு. பாப்பா அவரப் பாத்துச்சு. அப்புறம் என்னப் பாத்துச்சு. நான்தான் தூக்கிக் கொண்டுபோயி அந்த மடியில வெச்சேன்.

பத்தர் ரெண்டு காதையும் குத்தினாரு. பாப்பா அழல. கண்ணக்கூட சிமிட்டல. "அடேயப்பா, இன்னா தைரியம்!"னு பொம்பளைங்க சிரிச்சாங்க. பாவாடை நனைஞ்சி மனையில ஒழுகறத நான் ஒருத்திதான் பாத்தேன். பாப்பாவப் புடுங்கிக்கினு உள்ள ஓடினேன்.

மாமன்காரன் பந்தியில குந்திச் சாப்புட்டான். அதுக்கு மேல அவனுக்கு இன்னா மரியாதை? பாயசம் ரெண்டாவது தரம் கேட்டான். ஊரு பூரா குந்திக்கினு இருக்கு, நான் இன்னான்னு கத்துவேன்? பாவி, ஊத்தினேன்.

எல்லாரும் போனதும் ஊட்டுக்காரரு கிட்ட ஸ்டேஷனுக்குப் போலாம் வாங்கன்னேன்.

"போயி இன்னான்னு சொல்லுவ? காது குத்தறப்போ கொழந்த அழலன்னா?"

சொல்லிட்டு அவரும் தலையப் புடிச்சிக்கினு குந்திட்டாரு. விடுதிக்கு ஆள் அனுப்பினோம். கன்னியாஸ்திரியம்மா வந்து எல்லாத்தையும் கேட்டாங்க. என்ன ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாத் தேவலாம். ஞாயித்துக்கிழமை பாப்பாவக் கூட்டிக்கினு போறேன்னு மட்டும் சொன்னாங்க.

சனிக்கிழமை காலையில காதுப் புண்ணுக்குத் தேங்காண்ண வெக்கப் போனேன். சொவரோட ஒட்டிக்கினு நவுந்துச்சு.

"இனிமே அந்தாளு வரமாட்டான் கண்ணு. நான் வுடமாட்டேன்"னேன்.

"நீதான அத்த என்ன உக்கார வெச்ச?"

ஆமான்னேன்.