பஸ்ஸில் வெடித்த இஞ்சித் தேன்

நம் கூத்துக் கொட்டகைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். கிழிக்காமல் படியுங்கள்.

நாளைக்குக் கூத்து. ராஜா வேடம் கட்டும் மாரி அண்ணனுக்குத் தொண்டை கட்டி, ஒரு வாரமாகப் பேச்சே இல்லை. அதனால் இன்று அத்தை போட்டுக் கொடுத்த இஞ்சித் தேன் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து செமோரில் உள்ள நம் கொட்டகைக்கு பஸ் ஏறினேன்.

பாதி வழியில் டமார்! தக்கை பறந்தது.

"டயர் போச்சுலா!" என்று டிரைவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார்.

பக்கத்தில் இருந்த அக்கா முகத்தில் தேன் வழியத் திரும்பினார். "இஞ்சிய ஈரத்தோட போட்டா தேன் புளிச்சிப் பொங்காதா? நல்லா காயவெச்சில்ல போடணும்! ஈரக் கரண்டியும் விடக்கூடாது."

"மீதிய என்னக்கா செய்றது?"

"கெட்டுப் போவல. தக்கைய இறுக்காம கொண்டு போ. வெந்நீர் வெதுவெதுன்னு ஆறுனதும் கலந்து குடு."

"சரிக்கா. இன்னிக்கு உங்க வீட்டு எறும்புக்கெல்லாம் தீபாவளி!"

தேன் ஒட்டிய கையால் தலையில் ஒரு குட்டு விழுந்தது. இனித்தது.

சாயங்காலம் அண்ணன் ஒரு குவளை குடித்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பாதி காலியான போத்தலைப் பார்த்தார்.

"மீதி எங்கடா, கழுத?"

கரகரப்புதான். ஆனாலும் கொட்டகைக் கடைசி வரை கேட்டது!

வசவு எனக்கு, பாட்டு உங்களுக்கு. நாளைக்கு யார் யார் வருகிறீர்கள்? கீழே எழுதுங்கள்.