வலிக்காத செருப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீரங்கப்பட்டணம் ரங்கநாதர் கோயில் வாசலில் செருப்புக் காக்கும் அம்மா ஒருவர், என் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றார். கோயிலில் செருப்பைத் தொலைத்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டே செருப்பைப் பறிகொடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எனக்குச் சொந்த ஊர் கொள்ளேகால். இருபது வருடங்களாக மைசூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. சர்க்கரை வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. டாக்டர் சொன்ன நடைப்பயிற்சிக்குப் போகாமலிருக்க என்னிடம் எப்போதும் நல்ல காரணங்கள் இருப்பில் இருக்கும். மழைக்காலத்தில் மழை, வெயில் காலத்தில் வெயில், இரண்டும் இல்லாத மாதங்களில் தெருநாய். ஒரு வருடப் பிறப்பன்று, ஆறே மாதத்தில் பதினைந்து கிலோ குறைப்பேன் என்று அலுவலகத்தில் சபதம் போட்டேன். அந்தச் சபதத்தைக் கொண்டாட எல்லோருக்கும் ஒப்பட்டு என்கிற போளி வாங்கிக் கொடுத்ததும் நான்தான், எல்லோரையும்விட இரண்டு அதிகம் தின்றதும் நான்தான்.

இப்படிப்பட்டவனைத் தேடித்தான் எங்கள் பகுதிக் கல்யாண மண்டபத்துக்கு ஓர் 'இலவச ஆரோக்கிய முகாம்' வந்தது. கோட்டு போட்ட ஒருவர் மேடையில் ஒரு ஜோடிச் செருப்பைத் தூக்கிக் காட்டினார். பாதம் படும் இடமெல்லாம் கெட்டியான பிளாஸ்டிக் குமிழ்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு நாற்பத்தெட்டு நாள் இதைப் போட்டால் சர்க்கரை வேரோடு போய்விடும் என்றார். நடக்கக்கூட வேண்டாம், போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலே போதும் என்று சேர்த்துச் சொன்னார் பாருங்கள், அப்போதுதான் எனக்கு அவர்மேல் பக்தியே வந்தது.

ஆளாளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டடி வைப்பதற்குள் நெளிந்து, முனகி, கழற்றிவிட்டார்கள். நான் போட்டேன். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மண்டபத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினேன். துளியும் வலிக்கவில்லை. கோட்டுக்காரர் என்னை மேடைக்கு அழைத்து, சாருக்கு ரத்த ஓட்டம் அவ்வளவு சுத்தம், அதனால்தான் வலிக்கவில்லை என்று மைக்கில் சொன்னார். மேடை கிடைத்தால் சும்மா இருப்பவனா நான்? அந்தச் செருப்போடு ஒரு குத்தாட்டமும் போட்டேன். அதைப் பார்த்துவிட்டே ஏழெட்டுப் பேர் வாங்கினார்கள்.

அன்றோடு மாத்திரைக்கு விடை கொடுத்தேன். மனைவி சண்டை போட்டாள், கெஞ்சினாள், கடைசியில் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தினாள். நான் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே வந்தேன்.

முப்பத்தொன்றாம் நாள்தான் அந்தச் சனிக்கிழமை. மனைவியோடு போன கோயிலுக்கும் அதே செருப்புதான். கூட்டம் நெரிந்தது. தரிசனம் முடித்துப் பிராகாரத்தைச் சுற்றினோம். இரண்டாவது சுற்றில் கல்தரையில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். யாரோ குங்குமத்தைச் சிந்தியபடி போயிருக்கிறார்கள், மிதித்துவிடாதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நானும் பயபக்தியோடு ஒவ்வொன்றையும் தாண்டித் தாண்டி நடந்தேன்.

வெளியே வந்து டோக்கனை நீட்டினேன். செருப்புக் காக்கும் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். என் வலது செருப்பைத் தனியாக வைத்திருந்தார். காலைக் காட்டுங்கள் என்று கன்னடத்தில் கேட்டார். என்னவாம் என்று மனைவி என்னிடம் தமிழில் கேட்டது அவர் காதில் விழ, உடனே அவரும் தமிழுக்கு மாறினார். எங்கள் கொள்ளேகாலுக்கு அடுத்த ஹனூர்ப் பக்கமாம்.

"செருப்புல ரத்தமுங்க."

"குங்குமமா இருக்கும்மா. உள்ளே பூரா சிந்திக் கெடக்குது."

"குங்குமத்துல ஈ மொய்க்குமுங்களா?"

செருப்பைப் பார்த்தேன். ஈ மொய்த்துக்கொண்டுதான் இருந்தது. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் திருப்பினேன். கட்டை விரலுக்குக் கீழே, ஒரு நிலக்கடலை உள்ளே போகும் அளவுக்குக் குழி. ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் சிவந்து. நான் தாண்டித் தாண்டி வந்த குங்குமம் யாருடையது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆனாலும் வாய் அடங்கவில்லை. வலியே இல்லையே, சின்னக் காயம்தான் என்றேன். அந்த அம்மா என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் விரலைத் தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். டோக்கன் கோத்திருந்த நைலான் நரம்பின் நுனி அவர் கையில் இருந்தது. கண்ணை மூடினேன். காத்திருந்தேன். பொறுமை போய்விட்டது.

"இன்னும் தொடலையாம்மா?"

பக்கத்தில் மனைவி விசும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"நாலு வாட்டி தொட்டாச்சுங்க" என்றார் அந்த அம்மா.

இருந்தும் பழைய புத்தி எங்கே போகும்? இன்னும் பதினேழு நாள்தான் பாக்கி, திங்கட்கிழமை அலுவலகத்தில் ஆடிட், புதன்கிழமை கட்டாயம் டாக்டரிடம் போகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"இந்தச் செருப்பு உங்களுக்குக் கெடைக்காதுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டக் கொண்டாங்க, அப்பறம் பாக்கலாம். எங்க ஊட்டுக்காரரும் புதன்கெழமைன்னுதான் சொன்னாரு."

அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். செருப்பு அடுக்கிய பலகைகளுக்கு நடுவில் அவருடைய கணவர் தரையில் உட்கார்ந்து டோக்கன்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. சர்க்கரைதான். முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு இது. அந்த நரம்புச் சோதனையும் அவருக்கு ஆஸ்பத்திரியில் செய்ததைப் பார்த்து அந்த அம்மா கற்றதாம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஊருச் செருப்பெல்லாம் எங்கிட்டத்தானுங்க இருக்குது. எனக்கு ஒத்தச் செருப்புப் போதும். ஆனா கடைக்காரன் ஒத்தையா தர மாட்டேங்கறான்."

சொல்லிவிட்டு, ஒரு பையிலிருந்து புத்தம் புதிய வலது செருப்பு ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். அவருக்குத் தேவைப்படாமல் கிடந்தது. மெத்தென்று இருந்தது. நான் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். என்னைவிடப் பெரிய ஜோக்கர் ஒருவர் முன் அன்று என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்த அம்மா தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவி, துவைத்து வைத்திருந்த பருத்தித் துணியால் கட்டினார். இடது காலுக்கு, யாரோ எடுக்காமல் விட்டுப்போன ஒரு ரப்பர் செருப்பு. தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, வழியில் எங்கும் நிறுத்தாமல் நேராக மைசூர் ஆஸ்பத்திரி என்று கன்னடத்தில் கண்டிப்பாகச் சொன்னார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று நான் ஆரம்பித்ததை ஆட்டோக்காரர்கூடக் காதில் வாங்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். கிருமி எலும்பைத் தொடவில்லை, ஆனால் இன்னொரு வாரம் விட்டிருந்தால் விரலுக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். வலிக்காததற்குக் காரணம் சுத்தமான ரத்தம் இல்லையாம். சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போயிருந்தன. எதற்காக மேடையேறி ஆடினேனோ, அதுதான் என் நோய். ஏழு வாரம் கட்டுப் போட்டார்கள். முதலில் ஊசி, பிறகு மாத்திரை. பதினைந்து கிலோ பற்றிக் கேட்டேன். மாதம் ஒரு கிலோ குறைந்தால் போதும், தினமும் பாதத்தைக் கண்ணாடியில் பார்த்தால் அதைவிட நல்லது என்றார். புண் ஆறியதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் தெருவை நான்கு சுற்று. இன்றுவரை அவ்வளவுதான். மழை பெய்தால் குடை இருக்கிறது. நாய்களும் பழகிவிட்டன.

என் ஆட்டத்தைப் பார்த்துச் செருப்பு வாங்கியவர்களில் மூன்று பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பாதத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். ஒருவர் மட்டும் என்மேல் கோபப்பட்டார். நியாயம்தான்.

கட்டுப் பிரித்த மறுநாள், ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். அந்த அம்மா முதல் சீட்டைத் தேடி எடுத்துத் தேதியைப் பார்த்தார். அதே சனிக்கிழமைதான் என்று உறுதியானதும்தான் முகம் மலர்ந்தது. என் செருப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அன்னைக்கே அறுத்துப் போட்டுட்டேனுங்க. உங்க பேச்ச நம்பற மாதிரியா இருந்துச்சு?"

அவர் கணவர் கொடுத்த செருப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நீங்களே போட்டுத் தேய்த்துவிடுங்கள், என்னிடம் இருந்தால் அது என்றைக்கும் தேயாது என்று சொல்லிவிட்டார்.

காலையில் கண்ணாடி முன் பாதத்தைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் தள்ளாடும்போது, பத்து விரல்களையும் எண்ணிப் பார்ப்பது இப்போது என் வழக்கம். எனக்கே உறைக்காத என் வலி, ஒரு நாள் பேர் தெரியாத ஒருவருக்கு உறைத்ததால்தான் அந்த எண்ணிக்கை இன்றும் சரியாக வருகிறது.