கழுத்தில் விழுந்த தஜான் தண்ணீர்

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரவிக்கை தைத்துக்கொடுத்து வந்த பல்கீஸுக்கு நாற்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. டயாலிசிஸுக்காகக் கழுத்தின் பெரிய ரத்தநாளத்தில் கதீட்டர் என்னும் குழாயைச் செலுத்தி, அதன் இரட்டை முனைகளை நெஞ்சுக்கு மேலே வெளியே விட்டிருந்தார்கள்.

“இது இதயம் வரைக்கும் போகுது. தண்ணி படவே கூடாது,” என்றார் மருத்துவர்.

அன்றிலிருந்து அவள் மல்லாந்தே படுத்தாள். புரண்டால் குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமோ என்று பயம்.

ஏப்ரலில் தஜான் வந்தது. ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் இறைக்கும் திருநாள். டயாலிசிஸைத் தள்ளிப்போட வழியில்லை. கணவர் ஜாபிர் அவள் நெஞ்சைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் கட்டி, மேலே சால்வை போர்த்தி, கூட்டம் சேருமுன் டாக்சியில் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரிச் சந்துக்குள் வண்டி போகாததால் இறங்கி நடந்தார்கள். அங்கே ஒரு பர்மியப் பெண்மணி வெள்ளிக் கிண்ணத்தோடு வந்து, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று வாழ்த்தி, பல்கீஸ் விலகுவதற்குள் கழுத்தோரம் மெல்ல ஊற்றிவிட்டார். தண்ணீர் தாளுக்குள் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் தாதி உடனே குழாயின் நனைந்த கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து புதிதாகக் கட்டினாள். “பயப்படாதீங்க,” என்றாள். பல்கீஸால் முடியவில்லை.

அடுத்த முறை மெஷினில் இணைத்துச் சற்று நேரத்தில் அவளுக்குப் பற்கள் கிட்டின. நடுக்கத்தில் கட்டிலே ஆடியது.

“சயாமா, குளிருது. நிறுத்துங்க,” என்று தாதியிடம் கெஞ்சினாள். ஓடிவந்த ஜாபிரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “நான் போயிருவேனாங்க?”

“இங்கதானே இருக்கேன் புள்ள,” என்றார்.

குழாயில் கிருமி சேர்ந்திருந்தது. அந்தத் தண்ணீரால்தானா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குழாயை உருவியெடுத்து மருந்து ஏற்றினார்கள். தொடையில் தற்காலிகமாக வேறொன்று போட்டார்கள். பல நாள் காய்ச்சலுக்குப் பிறகே பிழைத்தாள்.

பிறகு இடக்கையில் இரண்டு ரத்தநாளங்களை இணைத்துத் தைத்தார்கள். அது பருத்துத் தயாரானதும், இனி கையில் ஊசி குத்தினால் போதும், குழாய் வேண்டாம் என்றார்கள். தொட்டால் அந்த இடம் உள்ளே வண்டு போல அதிரும். அதிர்வு நின்றால் உடனே வர வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார்கள்.

இப்போது பல்கீஸ் மறுபடி தைக்கிறாள். நடுநடுவே தையல் மெஷினை நிறுத்தி ஜாபிரிடம் கையை நீட்டுவாள்.

“ஓடுதாங்க?”

“ஓடுது.”

“நல்லாப் பாருங்க.”

அவர் இன்னொரு தடவை விரலை வைத்துப் பார்ப்பார்.