அம்மார் அண்ணாச்சியின் முதல் வாளி

டாங்கின் உச்சியில் உட்கார்ந்து வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து அந்தோணி கத்தினான்.

"மாமா, இறங்கி வாங்க. அம்மார் அண்ணாச்சி போயிட்டாரு."

"எங்கல போனாரு? லீவு கிடைச்சிட்டா?"

அவன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினான். கிரேனுக்கு அடியில் ஸ்பானரோடு படுத்திருந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். டாக்டர் வந்து நெஞ்சு நின்றுவிட்டது என்றார். நின்று வெகுநாளாயிற்று என்பது எங்களுக்குத் தெரியும்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மார் அவர்கள் வளைகுடாவில் எங்கள் முசஃபா தொழிலாளர் கேம்ப்பின் கிரேன் மெக்கானிக். துனீசியா நாட்டின் தெற்கே, உப்பு ஏரிக் கரையில், பேரீச்சந் தோப்புகளுக்கு நடுவிலுள்ள ஒரு சிற்றூரின் கால்பந்துக் கிளப்புக்குக் கேப்டன், கோல்கீப்பர், சரித்திர ஆசிரியர். அவருடைய மீசையால் ஒரு வீட்டுக்கே ஒட்டடை அடிக்கலாம். அவர் சிரித்தால் தோஹாவில் தகரக் கூரை அதிரும். கோல்கீப்பராக அவர் காட்டிய தாராளத்தை எந்த மன்னரும் காட்டியதில்லை. வந்த பந்தையெல்லாம் உள்ளே அனுப்பி உபசரிப்பார். அரபியும் இந்தியும் கையசைப்பும் கலந்த கேம்ப் பாஷையில்தான் பேசிக்கொண்டோம். எங்கள் தூத்துக்குடிப் பையன்களிடமிருந்து "ஏல" என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு, அதை வைத்தே தமிழ் முழுவதையும் ஆண்டார்.

அவர் வந்து சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, கேம்ப்புக்குப் பின்னால் பாகிஸ்தானிப் பத்தான்களோடு ஆடத் தயாராக நின்றோம். அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். கேம்ப் பாஸ் கான் பாய் பாய்ந்து வந்து வாளியைப் பிடித்தார்.

"குளிக்கவே தண்ணி மாஃபி. நீ மண்ணைக் குளிப்பாட்டப் போறியா?"

"இது என் குளியல் தண்ணி, பாய். எனக்கு வேணாம். மண்ணு குளிக்கட்டும்."

கோல் வாசலில் அதை ஊற்றிவிட்டுத்தான் விசில் ஊத விட்டார். அன்று முதல் வெள்ளிதோறும் மண் குளித்தது, அண்ணாச்சி குளிக்கவில்லை. அந்த வாசனைக்கு பஹ்ரைனில் கப்பல்கள் திசை மாறின.

காரணத்தைக் கேட்டபோது கிளப்பின் சரித்திரத்தைச் சொன்னார். அவர் ஊர் மைதானத்தில் புல் கிடையாது. ஆட்டத்துக்கு முன் புழுதி அடங்க, ஊரே வாளியோடு வந்து தண்ணீர் தெளிக்கும். எதிரணியும் ஆளுக்கொரு வாளி தூக்க வேண்டும். முதல் வாளி கேப்டனுடையது. அவர் அதைக் கோல் வாசலில் ஊற்றாமல் ஒருவரும் பந்தைத் தொடக் கூடாது. கேப்டன் பதவி கைமாறுவதும் அப்படியே: ஈர மண்ணில் நின்று பழையவர் புதியவரின் கையில் வாளியைக் கொடுப்பார். அவ்வளவுதான் பட்டாபிஷேகம்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் ஒரு பட்டாள அணி ஆட வந்ததாம். வாளி தூக்க மாட்டோம் என்றார்களாம். ஊர் பேசாமல் உட்கார்ந்துவிட்டது. பட்டாளம் வெயிலில் நின்று நின்று, பொழுது சாய்ந்ததும் லாரி ஏறிவிட்டது.

"எங்க கிளப்போட பெரிய வெற்றி அதுதான்" என்பார் அண்ணாச்சி.

"ஆடி ஜெயிச்சது ஏதாவது உண்டா, அண்ணாச்சி?"

"ஏல சூசை, ஆடி ஜெயிக்கிறதை எல்லாக் கிளப்பும் செய்யும்."

விசா திடீரென்று வந்ததால் அண்ணாச்சி வாளியை யாரிடமும் கொடுக்காமலே கிளம்பிவிட்டார். அடுத்த சீசனுக்குள் திரும்பி வந்து நானே ஊற்றுவேன் என்று பையன்களிடம் சொல்லியிருந்தார். இங்கே பாஸ்போர்ட், விசா கொடுத்த முதலாளியான கஃபீலின் பெட்டிக்குள் போனது. லீவு கேட்டபோதெல்லாம் "அடுத்த வருஷம்" என்று பதில் வந்தது. அங்கே பையன்கள் பந்தோடு காத்திருந்தார்கள்.

"வேற யாராவது ஊத்திட்டு ஆட வேண்டியதுதானே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை வரத் தாமதமானால் பக்கத்து வீட்டுக்காரன் தாலி கட்டலாமே என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அர்ஜென்டினாவில் உலகக் கோப்பை நடந்தபோது அவர் நாட்டு அணி மெக்ஸிகோவைத் தோற்கடித்தது. ரேடியோவைச் சுற்றி நாங்கள் குதித்த குதியில் முசஃபா ஒரு முழம் கடலுக்குள் இறங்கியது. அண்ணாச்சி மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஜெயிச்சது தேசம்ல. தேசத்துக்கு ஆள் கிடைக்கும். என் கிளப்புக்கு யார் இருக்கா?"

அதற்குச் சில மாதம் கழித்து, ரியாத்தில் வண்டி ஓட்டும் அவர் ஊர்க்காரர் ஒருவர் லாரியோடு எங்கள் கேம்ப்புக்கு வந்தார். அண்ணாச்சி அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். வந்தவர் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பையன்கள் ரெண்டு சீசன் காத்திருந்தார்கள். பிறகு சிலர் பிரான்சுக்கு, சிலர் லிபியாவுக்கு. இப்போது மைதானத்தில் பேரீச்சம்பழ லாரிகள் நிற்கின்றன.

"யாரும் ஊத்தலையா?"

"உன் வாளியை யாரு தொடுவா, அம்மார்?"

அண்ணாச்சி அவருக்கு இன்னொரு டீ ஊற்றினார். கோப்பை நிரம்பி வழிந்ததை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சி குளித்துவிட்டு வந்தார். தலையை வாரி, சுத்தமாக, சோப்பு மணக்க. கையில் வாளி இல்லை. காய்ந்த மண்ணில் ஆடினோம். வாழ்நாளில் முதல்முறையாக அண்ணாச்சி ஒரு கோல் கூட விடவில்லை. பத்தான்கள் கைதட்டினார்கள். எங்களுக்கு அழுகை வந்தது. அதன்பிறகு அவர் சிரித்து தோஹாவில் எந்தக் கூரையும் அதிரவில்லை.

அடக்கத்துக்கு கஃபீல் வரவில்லை. லீவு தர முடியாதவருக்கு அன்றைக்கும் வேலை இருந்திருக்கும். கான் பாய் மட்டும் கேம்ப் தண்ணீர் டாங்கரையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு குவளைக்குக் கணக்குப் பார்த்த மனிதர்! குழியை மூடியதும் மேலே தண்ணீர் ஊற்றுவது முஸ்லிம்கள் வழக்கம். டாங்கர் ஒழுகி எங்கள் காலடி மண்ணெல்லாம் ஈரமாகியிருந்தது. வேதக்காரக் கிறிஸ்தவனாயிற்றே என்று நான் ஒதுங்கித்தான் நின்றேன். கான் பாய் வாளியை நிரப்பி நேராக என்னிடம் வந்தார்.

"லே, பிடி, சூசை பாய். உன் டீம் ஆளு. நீயே ஊத்து."

கைப்பிடி என் உள்ளங்கையில் ஏறிய பிறகுதான் அந்தோணி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஈர மண்ணில் நிற்கிறோம். வாளி கைமாறிவிட்டது.

தலைமாட்டில் ஊற்றினேன். யாரும் விசில் ஊதவில்லை. கண் இமைப்பதற்குள் மணல் குடித்துவிட்டது.

ஆகவே சகலருக்கும் அறிவிப்பது: உதைத்தால் பந்து இருந்த இடத்திலேயே இருக்க, செருப்பு மட்டும் சவூதி எல்லையைத் தாண்டும் இந்தச் சூசைதான் இப்போது அந்தக் கிளப்பின் கேப்டன். மைதானம் இல்லை, ஆட்டக்காரர் இல்லை. வாளி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அடுத்தாற்போல் யார் கையில் கொடுப்பது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டுப் போகவில்லை.

போய் வாருங்கள், அண்ணாச்சி. தரையை நனைத்தாயிற்று. நாங்கள் வண்டி ஏறித் திரும்பிப் பார்த்தபோது அது காய்ந்திருந்தது.